மார்கழியில வா மாப்ளே, போட்டோக்காரன் சும்மாதான் இருக்கான்

மாப்ளே, உங்கம்மா வந்து நீ அனுப்புனதைப் போன்ல காட்டிட்டுப் போனா. டிசம்பர்ல பள்ளிக்கூட லீவுக்கு சிங்கப்பூர்ல இருந்து பிள்ளைகளோட இலுப்பூருக்கு வர்றியாம். வந்த கையோட குடும்பத்தோட போட்டோ எடுக்கணுமாம். அதுக்குத் திருச்சியில ஒரு கம்பெனியைப் பேசிக்கிட்டிருக்கியாம். அவுக போட்ட ரேட்டைக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒரு தடவை பார்த்தேன். கண்ணாடிதான் மப்பா இருக்குன்னு துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்த்தேன். ரேட்டு மாறல.

செலவு பண்ணாதேன்னு சொல்ல நான் யாரு? சம்பாதிக்கிறவன் நீ, தாராளமா பண்ணு. பட்டியல்ல "கிராமிய வாழ்க்கை, இரண்டு மணி நேரம்"னு ஒரு வரி இருக்கே, அதுதான் எனக்கு விளங்கல. நாங்க பொறந்ததுல இருந்து அதை ஓசியில பண்ணிக்கிட்டிருக்கோம், இத்தனை நாளும் ஒரு பய காசு கொடுக்கலையேப்பா. மருமக கேணியில தண்ணி இறைக்கணுமாம், நீ ஏர் பிடிக்கணுமாம், உங்கம்மா முறத்துல புடைக்கணுமாம். கேணியில மோட்டார் இறங்குன அன்னைக்கே கயிறும் வாளியும் போயாச்சு. ஏர் போயி டிராக்டர் வந்தாச்சு. உங்கம்மா மாவையே பாக்கெட்ல வாங்குறா. வயக்காட்டுல வேகமுடியாமத்தானே உங்கப்பா பாஸ்போர்ட் எடுத்தாரு. அதே வரப்புல நிக்க நீ மணிக்கணக்குல காசு கொடுக்கப் போறே. கொடு கொடு, நிலத்துக்கு அப்படியாவது ஒரு வருமானம் வரட்டும். பேத்தி கையில ஆட்டுக்குட்டி வேணும்னும் போட்டிருக்கான். குட்டி நான் தர்றேன். அது கவுன்ல என்ன செய்யும்ங்கிறதை மட்டும் அவன் பட்டியல்ல எழுதல.

"கேண்டிட்"னு இன்னொண்ணு. அதுக்கு ரேட்டு கூட. கேமராவைப் பார்க்கக்கூடாதாம், எங்கேயோ பார்த்துச் சிரிக்கணுமாம். காசு கொடுத்து ஒருத்தனைக் கூட்டியாந்துட்டு, அவன் எதிர்ல நிக்கிறதே தெரியாத மாதிரி நடந்துக்கணும். உங்க அத்தை கல்யாணமான நாள்ல இருந்து என்னைய அப்படித்தான் பார்க்குறா. ஒத்தை ரூபா கேட்டதில்ல.

துணிமணியும் எல்லாருக்கும் ஒரே கலர்ல எடுத்துட்டு வர்றேன்னியாம். மொத்தக் குடும்பமும் ஊதாச் சட்டையில வரிசையா நின்னா கல்யாண பேண்டு செட்டு மாதிரி இருக்கும், யாராவது வந்து தேதி கேட்டுட்டுப் போவான். ஆளாளுக்குப் பிடிச்சதை உடுத்தட்டும். ரொம்பப் பொடிக் கட்டம் போட்ட சட்டை மட்டும் வேண்டாம், படத்துல நெளியும்.

இடம் விசயத்துல நீ சொன்னதைக் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னவாசலைத் தாண்டுனா சித்தன்னவாசல். உனக்கு முந்தியே அங்க ஒரு குடும்பப் படம் இருக்கு, தெரியுமா? அறிவர் கோயில் தூண்ல ராசாவும் ராணியும் சேர்ந்து நிக்கிறாங்க. ஒன்பதாம் நூத்தாண்டு. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துல மதுரை இளங்கௌதமன் அந்த மண்டபத்தைப் புதுக்குனதாக் கல்வெட்டு சொல்லுது. மேல விதானத்துல தாமரைக் குளம், மீனு, யானை, எருமை, பூப் பறிக்கிற ஆளுகன்னு வரைஞ்சு தள்ளியிருக்கான். அத்தனையும் வரைஞ்சவன் தன் பேரை ஒரு மூலையில கூட எழுதிக்கல. இன்னைக்கு எடுக்குறவன் உன் பிள்ளை மூஞ்சிக்குக் கீழேயே கம்பெனி பேரும் போன் நம்பரும் போட்டுத் தர்றான். அது வேண்டாம்னு முதல் நாளே சொல்லிரு.

ஆனா சித்தன்னவாசல் தொல்லியல் துறை கையில இருக்கிற இடம். வெளியில நின்னு கையில பிடிச்சு எடுக்குறதை யாரும் தடுக்க மாட்டாங்க. முக்காலி, குடை, லைட்டுன்னு இறக்குனா முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கணும். ஓவியத்து மேல ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. ஆயிரம் வருசமா வெளிறிக்கிட்டிருக்கிற ராசாவை நம்ம வீட்டுப் படத்துக்காக இன்னும் வெளுக்க வைக்காதே. கோயிலுக்குள்ள போயி எடுக்கலாம்னு நினைச்சியா? கோயில்களுக்குள்ள செல்போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல மதுரை ஐகோர்ட்டு சொல்லியாச்சு. நம்ம ஊரு பொன்வாசிநாதரைக் கண்ணால பார்த்துட்டு வா, போதும்.

இன்னொரு பக்கம் போனா கொடும்பாளூர் மூவர் கோயில். கட்டுனவரு பூதி விக்கிரமகேசரி, இருக்குவேளிர் குலம். தன் பேர்ல ஒண்ணு, பொண்டாட்டிமார் ரெண்டு பேரு பேர்ல ஆளுக்கு ஒண்ணு. கற்றளி, வரகுணைன்னு அவுக பேரையும் கல்வெட்டுல வெட்டி வச்சாரு. நியாயஸ்தன். ஆனா இன்னைக்கு நிக்கிறது ரெண்டுதான், மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். மூணு பேரா நின்னு போட்டோ எடுத்தா ஆகாதுன்னு உங்க அப்பத்தா சொல்லும்ல, அதுக்கு எவனாச்சும் ஆதாரம் கேட்டா கொடும்பாளூருக்குக் கூட்டிட்டுப் போ.

ட்ரோன் வேற பறக்குமாம். காசு வாங்கிக்கிட்டுப் பறக்க விடுறவன்னா, 250 கிராமுக்கு மேல போற ட்ரோனை ஓட்டப் பைலட் சர்டிபிகேட் வேணும்னு விதி இருக்கு. தொல்லியல் இடத்துல அதுக்குத் தனி அனுமதி. நம்ம தோட்டத்துல பறக்க விடலாம்தான். மேல இருந்து எடுத்தா உன் வழுக்கையும் என் வழுக்கையும் நல்லாத் தெரியும். கூட, ஓடு மாத்தாத கொட்டகையும் தெரியும், உங்கம்மா உன்கிட்ட சொல்லாம வித்த தென்னந்தோப்பும் தெரியும். யோசிச்சுக்க.

இதெல்லாம் சிங்கப்பூர் மோகம்னு நான் சொல்லல. நம்ம புதுக்கோட்டை ராசா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே வெளிநாடு போன இடத்துலதான் மோலி ஃபிங்க்ங்கிற வெள்ளைக்காரப் பொண்ணைப் பார்த்தாரு. 1915ல மெல்போர்ன்ல கல்யாணம், மறு வருசமே பிள்ளை. பிறந்த ஊரு மறந்துறக்கூடாதுன்னு பேர்லயே சிட்னியைச் சேர்த்துட்டாங்க. அந்த அம்மா படம் எத்தனையோ பத்திரிகையில வந்துச்சு, பட்டும் முத்துமா. வெள்ளைக்காரக் கவர்மென்ட்டு மட்டும் கடைசி வரைக்கும் அவுகளை ராணின்னு ஒத்துக்கல. படத்துல ராணி, கவர்மென்ட்டுத் தாள்ல வெறும் மோலி. போட்டோ எவ்வளவு தூரம் உதவும்கிறதுக்கு அளவு தெரிஞ்சுக்க.

அந்தக் காலத்துல நம்ம பக்கம் போட்டோன்னா ஸ்டுடியோதான். எடுத்தா ஆயுசு குறையும்னு பயந்தவுக பாதி, எடுக்காமலே குறைஞ்சவுக மீதி. பின்னால திரையில அரண்மனை மாடிப்படி, பக்கத்துல பிளாஸ்டிக் பூ. கோட்டு ஸ்டுடியோவோடது, அதுவும் முன்பக்கம்தான் ஒழுங்கா இருக்கும், முதுகுல கிளிப்பு. வளைகாப்புக்குப் பூ முடிச்ச பொண்ணை நிக்க வச்சு, சடை தெரியணும்னு பின்னால கண்ணாடி வைப்பாங்க. அதுதான்ப்பா மூளை. முகமும் வேணும், முதுகும் வேணும், ஒரே பிரிண்டுல வேணும், ஏன்னா ரெண்டாவது பிரிண்டுக்குக் காசில்ல. உங்கம்மா உன்னைச் சுமந்தப்ப எடுத்த படம் அப்படித்தான் இருக்கு. கண்ணாடி ஓரத்துல போட்டோக்காரர் முழங்கையும் விழுந்திருக்கும், பாரு.

முழங்கைன்னதும் ஞாபகம் வருது. நீ ஊருக்கு வந்து எடுத்த படத்துல எதுலயாவது நீ இருக்கியா? மருமக இருக்கா, பிள்ளைக இருக்கு, உன் கட்டைவிரல் இருக்கு. உங்கம்மா அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்றா. அதனால வெளி ஆளு ஒருத்தன் வேணும்கிறதுல எனக்கு மறுபேச்சு இல்ல. இன்னொரு காரணமும் இருக்கு. அது உன் பட்டியல்ல கிடையாது.

நாற்காலி.

முன்வரிசையில நாலு நாற்காலி போடுறோம்னு வை. உங்க பெரியப்பா ஒண்ணு, சித்தப்பா ஒண்ணு. ரெண்டு பேரும் வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாம இருக்காக. கல்யாண வீட்டுல கூட ஒருத்தர் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் அடுத்தவர் பந்திக்கு வருவாரு. நானும் சொல்லிப் பார்த்தேன், ஊர்ப் பெரிய மனுசங்களும் சொல்லிப் பார்த்தாக. கலெக்டர் வந்து சொன்னாலும் நகர மாட்டாக. ஆனா ஒரு போட்டோக்காரன், மீசை முளைக்காத பய, "பெரியவரே, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க"ன்னா மறுபேச்சில்லாம தள்ளி உக்காருவாக. "அண்ணன் தோள்ல கையைப் போடுங்க"ன்னா போடுவாக. எடுத்து முடிச்சதும் கையை உதறிக்கிட்டுப் போவாக, அது வேற. போட்டதுக்கு அத்தாட்சி இருக்குல்ல.

இந்த வேலைக்குத்தான் நீ காசு கொடுக்கணும். இது திருச்சியில இருந்து வர்றவனுக்கு ஆகாது. அவன் மெதுவா, "இயல்பா இருங்க சார்"ம்பான். நம்ம ஆளுக இயல்பா இருந்தா என்ன நடக்கும்னு அவனுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரன்னா தொண்டையைத் திறந்து கத்துவான். யாருக்கு யாரோட பேச்சில்லைன்னு அவனுக்குத் தெரியும். ஏன்னா அத்தனை வீட்டுக் காதுகுத்தும் சடங்கும் எடுத்தவன் அவன்தான். அதோட நீ வர்றது மார்கழி. முகூர்த்தம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும், கேமராவைத் துடைச்சுத் துடைச்சு வச்சுக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டிருப்பான். தை பிறந்துட்டா அவனைப் பிடிக்க முடியாது, ரேட்டும் ஏறிப்போகும். மழை பெஞ்சிருந்தா கண்மாயில தண்ணியும் கிடக்கும், வயலும் பச்சையா இருக்கும். திரையில அரண்மனை எதுக்கு?

நேரம் காலையில ஆறரை. பிள்ளைக எந்திரிக்காதுன்னு மருமக சொல்லும், எழுப்பச் சொல்லு. பத்து மணிக்கு மேல நம்ம ஊரு வெயிலு உச்சியில இருந்து இறங்குனா நெத்திதான் பளபளக்கும், கண்ணு இருக்கிற இடத்துல குழிதான் தெரியும். முதல்ல மொத்தக் கூட்டத்தையும் எடுத்துரணும். கிழடுகளுக்கு இடுப்பு வலிக்கிறதுக்கு முன்னாடி, பிள்ளைக அழுகுறதுக்கு முன்னாடி. பிறகு ஒவ்வொரு குடும்பமா பிரிச்சு விடலாம். வயக்காட்டு நடையெல்லாம் கடைசியில வச்சுக்க.

கொல்லையில இடம் போதலைன்னு அகல லென்ஸ் மாட்டுவான். மாட்டுனா ஓரத்துல நிக்கிறவுக உடம்பு இழுபட்டு அகலமாயிரும். ஓரத்துல சின்னப் பயலுகளை நிறுத்து, உங்க அத்தையை நிறுத்தாதே, பிறகு நான் வீட்டுல சாப்பிட முடியாது. மூணு வரிசை நின்னா லென்ஸ் வாயை அகலமாத் திறந்து எடுக்கக்கூடாது. முன்வரிசை தெளிவா விழும், பின்வரிசை மங்கிப்போகும். பின்வரிசையில நிக்கிறவுக எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரவுக, பொல்லாப்பு.

எழுதி வாங்க வேண்டியதையும் எழுதி வாங்கிக்க. முகத்தை வெளுக்கக்கூடாது. நம்ம வீட்டுல யாரும் அந்த நிறம் கிடையாது, வெளுத்துட்டா பேரன் பேத்திக்கு அடையாளம் தெரியாது. கரிஷ்மா ஆல்பம்னு பலகை கனத்துல ஒண்ணு காட்டுவான், ஒரே சிரிப்பைப் பெருசா, சிறுசா, சாய்ச்சு, பூவுக்குள்ள வச்சுன்னு பக்கம் பக்கமா ஒட்டியிருப்பான். அது வேண்டாம். நல்ல படமா நாலஞ்சு பெரிய பிரிண்டு, எடுத்தது மொத்தமும் பென்டிரைவுல. "அதெல்லாம் தர்றதில்ல, எங்களுக்குச் சொந்தம்"னு எவனாவது சொன்னா, 1957ஆம் வருசக் காப்புரிமைச் சட்டத்தைச் சொல்லு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும், எடுக்கச் சொன்னவன்தான் முதல் உரிமைக்காரன். வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் டீக்கடையில சொன்னாரு, டீக்காசை நான் கொடுத்தேன், அதனால பொய் சொல்லியிருக்க மாட்டாரு. ஆனா அந்த "வேற மாதிரி ஒப்பந்தம்" உன் திருச்சிக் கம்பெனிப் பட்டியல்ல கடைசிப் பக்கம் பொடி எழுத்துல இருக்கும். அதைப் படிக்கத்தான் நான் கண்ணாடியைத் துடைச்சேன். உன் பிள்ளைக படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போட்டுக்கலாம்னும் அதுல ஒரு வரி கிடக்கு.

அவனுக்கு நீ இன்னும் முன்பணம் அனுப்பலைன்னு உங்கம்மா சொன்னா. அனுப்ப வேண்டாம். இங்க ஆளை நான் பேசி முடிச்சாச்சு. நீ வந்து இறங்குற வாரம் ஞாயித்துக்கிழமை காலையில. முன்பணம் உங்கம்மாகிட்ட வாங்கித்தான் கொடுத்தேன், அவளுக்கு அனுப்பிவிட்டுரு. நாற்காலி பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கு. உங்க பெரியப்பாகிட்டயும் சித்தப்பாகிட்டயும் நானே தனித்தனியாப் போயி, "அவரு வரமாட்டாராம், நடு நாற்காலி உங்களுக்குத்தான்"னு சொல்லி வச்சிருக்கேன். நீ போன் போட்டு நலம் விசாரிக்கிறேன்னு எதையாவது உளறிறாதே.