சிவப்புப் புழுவின் தறி

கேள்வி: நகரத்து அழுக்கும் கூடிவரும் வெப்பமும் நீர்ப்பூச்சியின் மரபணுவையே மாற்றிவிடுமா?

பதில்: உடனடியாக மாறுவது பெரும்பாலும் எழுத்தல்ல, எந்தப் பக்கம் வாசிக்கப்படுகிறது என்பதுதான். அதைக் கண்ணுக்கே காட்டுவது கைரோனமஸ். மீன்தொட்டிக்காரர்கள் இரையாக வாங்கும் 'இரத்தப் புழு', கடிக்காத இந்தப் பூச்சியின் லார்வா. சிவப்பு நிறம் ஹீமோகுளோபினால் வந்தது. ஆக்சிஜன் வற்றிய நகரக் கால்வாய்ச் சேற்றிலும் அது பிழைப்பது அதன் தயவில்.

இதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் வியக்கத்தக்க அளவு பருத்திருக்கும். 1881இல் பால்பியானி என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்தார். மும்முரமாக வேலை செய்யும் மரபணு அங்கே உப்பி நிற்கும். வழக்கமாகப் பெரிதாக உப்புபவை, புழு தன் குழாய்வீட்டைக் கட்டும் பட்டிழைக்கான மரபணுக்கள். தண்ணீர் மிகவும் சூடானால் அந்த உப்பல்கள் சுருங்கி, வேறிடங்களில் புதியவை எழும். அங்கிருந்து வருபவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்: சூட்டில் உருக்குலையும் மற்றப் புரதங்களைத் தாங்கி, மறுபடி மடித்துவைப்பவை. வீடு பற்றி எரியும்போது தறியை விட்டுக் குடத்தைத் தூக்குவது போன்ற வேலை இது.

கழிவுநீரில் கலக்கும் காட்மியமும் இதே மரபணுக்களை எழுப்பும். கான்கிரீட்டிலும் தார்ச்சாலையிலும் சூடேறி ஓடிவரும் மழைநீர் நஞ்சையும் சேர்த்தே கொண்டுவருவதால், நகரப் புழுவுக்கு நெருக்கடி இரட்டிப்பு. காப்புப் புரதம் செய்யச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சிக்கான கையிருப்பிலிருந்தே போகிறது.

அண்டார்க்டிகாவில் வாழும் உறவினமான பெல்ஜிகாவின் லார்வாவோ, சூடு பட்டாலும் படாவிட்டாலும் இப்புரதங்களை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.