வெளிநாட்டு ரயிலைப் புகழ்வது எப்படி? பாறசாலைப் பயணிகளுக்குச் சில யோசனைகள்

ரயில் வசதியை நாடுவாரியாக ஒப்பிட்டுப் பேச முதல் தகுதி, ஏதாவது ஒரு வெளிநாட்டில் ஏதாவது ஒரு ரயிலில் ஒருமுறை ஏறியிருப்பது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகிற இருபது நிமிடம் போதும். அதையும் நின்றுகொண்டே போயிருந்தால் பாதகமில்லை, யார் கேட்கப்போகிறார்கள்? நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வட்டாரத்தில் இந்தத் தகுதிக்குப் பஞ்சம் கிடையாது. காட்டாக்கடைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தகுதியும் உண்டு. அவர்கள் ஊரில் தண்டவாளமே இல்லை. கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தில் நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துத் தம்பானூருக்கோ வந்துதான் ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டும். எந்த ரயிலோடும் சொந்தபந்தம் இல்லாததால் அவர்கள் சொல்வது நடுநிலைத் தீர்ப்பாகிவிடும்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிடுவது வீண். காலையில் திருவனந்தபுரம் போகிற வண்டியில் ஏறி, பாறசாலை தாண்டியதும் ஆரம்பியுங்கள். தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று தம்பானூர் வரைக்கும் தப்பியோட முடியாத ஒரு சபை உங்களுக்குக் கிடைக்கும். செக்ரட்டேரியட் ஊழியர், நர்சிங் படிக்கிற பிள்ளைகள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டு எடுக்க வேண்டிய அம்மா, எல்லோரும் இருப்பார்கள். ஒருவருக்கும் கையை உயர்த்த இடம் இருக்காது. எனவே மறுப்பும் பெரிதாக வராது.

துபாயிலிருந்து தொடங்குவது வழக்கம். 2009 செப்டம்பர் 9ஆம் தேதி திறந்த மெட்ரோ, ஓட்டுநர் இல்லாமல் ஓடுவது, கோல்டு கிளாஸ், பளிங்கு மாதிரி நிலையங்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். உள்ளே எதையாவது தின்றாலோ குடித்தாலோ 100 திர்ஹாம் அபராதம் என்பதைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. எதிரே ஒருவர் பழம்பொரி தின்றுகொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கூட்டத்தில் யாராவது அங்கே கட்டட வேலை பார்த்துத் திரும்பியவராக இருந்தால், "அண்ணா, நாங்க கேம்ப் பஸ்ஸிலதான் போவோம், வருவோம். மெட்ரோவைப் பாலத்து மேல பார்த்ததோட சரி" என்று சொல்லிவிடுவார். உடனே பேச்சை ஜப்பானுக்கு மாற்றிவிடுங்கள். ஜப்பான் போய்வந்தவர் அந்தப் பெட்டியில் இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு.

ஜப்பானைப் பற்றிப் பேசும்போது ஒப்பீட்டுக் கலையின் ஆதார விதியை மறக்கக்கூடாது. அவர்களிடம் உள்ளதில் சிறந்ததை எடுத்து, நம்மிடம் உள்ளதில் கடைசியானதன் பக்கத்தில் வைக்க வேண்டும். 1964 அக்டோபர் 1 முதல் ஓடும் ஷின்கான்சென் புல்லட் ரயிலை, காலை எட்டரை மணி அன்ரிசர்வ்டு பெட்டியோடு நிறுத்துங்கள். டோக்கியோவில் வண்டி வந்து நின்றதும் துப்புரவுப் பணியாளர்கள் ஏழே நிமிடத்தில் முழு ரயிலையும் சுத்தம் செய்து, இருக்கைகளையெல்லாம் போகிற திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு, வரிசையாக நின்று வணங்குவார்கள். இது உண்மை, சொல்லலாம். சொல்லக்கூடாத உண்மைகளும் உண்டு. டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்கு ஒருவழிக் கட்டணமே சுமார் 14,000 யென். அதே டோக்கியோவின் உள்ளூர் ரயில்களில் காலை நெரிசலுக்கு ஆளை உள்ளே தள்ளி அடைக்கவே வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர்கள் நின்ற காலம் உண்டு. நம் ஊரில் அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் பின்னால் ஏறுகிறவரே செய்துவிடுகிறார்.

"நம்ம ஊர்லயும் வந்தே பாரத் வந்தாச்சே" என்று ஒருவர் குறுக்கிடுவார். அவரை மடக்க எளிய வழி இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய காசர்கோடு வந்தே பாரத் வடக்கிலிருந்து வந்து தம்பானூரில் நின்றுவிடுகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை வந்தே பாரத் தெற்கே நாகர்கோவிலில் நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கும் எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில்தான் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இருக்கின்றன. இரண்டு மாநிலமும் இரண்டு பக்கம் விருந்து வைத்திருக்க, நாம் நடு வாசலில் நிற்கிறோம். இதைச் சொன்னால் பெட்டி முழுக்க உங்கள் பக்கம் வந்துவிடும்.

இனி இருக்கைக்கு வருவோம். ஜப்பானின் புல்லட் ரயிலும் பிரான்சின் டி.ஜி.வி.யும் ஓடும் தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மில்லிமீட்டர். நம்முடைய அகலப்பாதை 1,676. மலேசியாவில் நம் ஆட்கள் வியர்வை சிந்திப் போட்ட பாதையோ வெறும் ஒரு மீட்டர். அகலத்தில் உலகத்தையே தோற்கடித்திருக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தலாம், நிமிர்த்த இடமிருந்தால். ஜப்பானை விட நமக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த ஒன்பதரை அங்குலம் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு: அதில்தான் நாலாவது ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் உட்காரும் முறையை எந்த நாட்டு வசதிக் குறியீட்டிலும் சேர்க்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அது ஒரு தனிக் கலை. முதலில் அவர் உட்காரவே மாட்டார். பெஞ்சின் ஓரத்தில் கையை வைத்து, ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டத்தைப் பார்ப்பார். பிறகு, "கொஞ்சம் நீங்கி இருங்கண்ணா." ஓரத்தில் இருப்பவர் நகராமல் நகர்வதாக ஓர் அசைவு காட்டுவார். அந்த அசைவே அனுமதி. நாலு விரல் அகலத்தில் அரை இடுப்பு தொற்றிக்கொள்ளும். அமரவிளை வளைவில் வண்டி ஆட, ஒரு விரல் கூடும். பிரேக் போட்டால் இன்னொன்று. பாலராமபுரம் வரும்போது அவர் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் விரித்திருப்பார். ஏற்கெனவே இருந்த மூவரில் ஒருவர் எப்படியோ எழுந்து நின்றிருப்பார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சுவிட்சர்லாந்தில் இப்படி யாராவது பக்கத்தில் வந்து இடித்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே முதல் வகுப்பில் பேசாமல் இருப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். நம் வண்டியில் செல்போனில் முழுச் சத்தத்தில் ஒருவர் பிரசங்கம் கேட்பார், இன்னொருவர் குத்துப்பாட்டு கேட்பார். இரண்டும் நடுவில் எங்கோ சமரசமாகிவிடும்.

இதில் எல்லைக்கென்றே ஒரு நுட்பம் உண்டு. காலையில் நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் ஏறியவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். கேரளத்தில் முதல் நிலையமான பாறசாலைக்காரர்கள் சொந்த மாநிலத்து வண்டிக்குள் நின்றுகொண்டு, பக்கத்து மாநிலத்துக்காரர் தூங்குவதைப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமும் பிரிந்ததன் நேரடி விளைவு இது என்று நீங்கள் சொன்னால் பலர் தலையாட்டுவார்கள். சாயங்காலம் தம்பானூரில் எல்லோரும் ஒன்றாக ஓடி ஏறுவதால் மாநிலப் பாகுபாடு கிடையாது, ஓடத் தெரிந்தவருக்கு இடம்.

நேரந்தவறாமை பற்றிப் பேசாமல் ஒப்பீடு நிறையாது. 2017 நவம்பரில் டோக்கியோ பக்கத்துச் சுகுபா எக்ஸ்பிரஸ் 20 வினாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு அதன் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. இதைச் சொல்லி நிறுத்தி, பெட்டி பெருமூச்சு விடுவதைக் கேளுங்கள். ஜெர்மனியைத் தொடாதீர்கள். அங்கே 2024இல் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை நூற்றுக்கு 62.5தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதித்தவற்றையும் நேரத்துக்கு வந்ததாகச் சேர்த்துக்கொண்ட பிறகு. ஜெர்மனியில் நர்சாக இருக்கும் மகளை வீடியோவில் பார்க்கிற தகப்பனார்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், "அவளும் பிளாட்பாரத்திலதான் நிக்கியா" என்று கதையைக் கெடுத்துவிடுவார்கள்.

நம் வண்டி ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரே சொல் போதும்: கிராஸிங். கொல்லத்திலிருந்து 1918இலேயே திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்துவிட்டாலும், அதற்குத் தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் பாதை வந்தது 1979 ஏப்ரலில்தான். வந்ததும் ஒற்றைப் பாதையாக வந்தது. எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் நிலையத்தில் ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். ஒருவர் தாமதித்தால் அந்தத் தாமதம் எதிராளிக்கும் தொற்றும். பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி வழிவிடும். இரண்டாவது பாதைக்கான வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இங்கே கொஞ்சம் விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன்: இந்தத் தடத்தில் தினமும் போய்வருகிறவர்கள் யாரும் சாயும் நாற்காலி கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த இரண்டாவது பாதையையும், காலையில் இன்னும் இரண்டு பெட்டியையும்தான் கேட்கிறார்கள். வசதி என்றால் அவர்களுக்கு அதுதான். நிற்க இடமில்லாத பெட்டியில் மெத்தையின் தரத்தை யார் அளப்பது?

மெத்தை என்றதும் மது தண்டவதேயைச் சொல்லாமல் போகக்கூடாது. 1977இல் ரயில்வே அமைச்சரான அந்த சோஷலிஸ்ட், இரண்டாம் வகுப்புப் படுக்கையின் வெறும் மரப்பலகைக்கு மேல் இரண்டு அங்குல ஸ்பாஞ்சு போட வைத்தார். புல்லட் ரயிலெல்லாம் பிறகு. கோடிக்கணக்கான முதுகுகளுக்கு இந்த நாட்டில் நடந்த பெரிய நன்மை அந்த இரண்டு அங்குலம்தான் என்பது என் எண்ணம். நம் பாதையும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான் திறந்தது. ஒப்பிடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். இதில் வெளிநாடு இல்லையே.

நெடுந்தூரப் பயணத்துக்கு ரஷ்யாவைக் கையில் வைத்திருங்கள். மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் 9,289 கிலோமீட்டர். நம் பாதையிலும் கன்னியாகுமரி–திப்ரூகட் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ரஷ்யர்களின் மலிவான படுக்கை வகுப்பு நம் ஸ்லீப்பரின் கூடப்பிறந்ததுபோலவே இருக்கும். கதவில்லாத தடுப்புகள், நடைபாதை ஓரத்தில் சைடு பெர்த், அதில் படுத்தவரின் காலில் முட்டிக்கொண்டு போகிற கூட்டம். ஆனால் ஒரு பெட்டிக்கு 54 பேர்தான், நமக்குப் பழைய பெட்டியில் 72. அவர்களுக்கு மிடில் பெர்த் இல்லை. எனவே இரவு பத்துக்கு மேல்தான் விரிக்கலாம், காலை ஆறுக்கு மடக்கிவிட வேண்டும் என்ற சட்டமும், அதை ஏழு மணி வரை மதிக்காமல் தூங்கும் மாமாவும் அவர்களுக்கு இல்லை. பெட்டிக்கு ஒரு பெண் ஊழியரும், எந்நேரமும் கொதிநீர் தரும் பாய்லரும் உண்டு. ஆர்.ஏ.சி.யில் ஒரே சைடு லோயரில் முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே முழங்காலை மடக்கி விடிய விடியக் குடும்பக் கதை பேசுவதை ரஷ்யர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கழிப்பறையைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது இட்டலி தின்றுகொண்டிருக்கலாம். 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளத்துப் பயணி சக்கைப்பழத்தை அதிகம் தின்றுவிட்டு, வண்டி நின்ற இடத்தில் இறங்கி, அதற்குள் வண்டி கிளம்பிவிட, ரயில்வேக்கு எழுதியதாகச் சொல்லப்படும் புகார்க் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நாட்டு ரயில்களில் சாதாரண வகுப்புக்குக் கழிப்பறை வந்ததற்கு அவரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். சக்கை சீசனில் பாறசாலையில் இந்தக் கதைக்கு நல்ல வரவேற்பு இருக்கும்.

எல்லாவற்றையும் வென்றுவிட்ட பிறகு யாராவது இலங்கையைக் கொண்டுவந்தால் தடுமாறிவிடாதீர்கள். கொஞ்சம் சங்கடமான நாடு அது. நம்முடைய அதே 1,676 மில்லிமீட்டர் பாதை, நம்முடையதைப் போன்ற பெட்டிகள், ஏறி இறங்கி வடை விற்கிறவர்கள். கண்டியிலிருந்து எல்ல போகிற மலைப்பாதையில் மணிக்கணக்காக ஊர்ந்து போகிற அந்த வண்டிக்கு, அமைதிப் பகுதி வைத்திருக்கிற சுவிட்சர்லாந்திலிருந்தும் ஆறு நிமிடத் தாமதத்துக்கு அலுத்துக்கொள்கிற ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியை விட்டுவிட்டு, கதவு திறந்த பெட்டியின் படியில் காலைத் தொங்கவிட்டு உட்காரப் போட்டி போடுகிறார்கள். அந்தப் படியில் நம் பையன்கள் தினமும் உட்கார்ந்தால் ரயில்வே போலீஸ் பிடிக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்தக் கணக்கு வேறு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருக்கையின் சாய்மானத்தைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? இதற்கு உங்களிடம் பதில் இருக்காது. "அது டூரிசம்" என்று சொல்லிவிட்டு இருமுங்கள்.

கடைசியாக, முடிக்கும் நேரம். நேமம் வந்ததும் பேச்சைச் சுருக்க ஆரம்பிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் இப்போது திருவனந்தபுரம் தெற்கு என்று இருக்கும், வண்டிக்குள் இன்னும் நேமம்தான். இங்கிருந்து ஆட்கள் எழுந்து வாசலுக்கு நகரத் தொடங்குவார்கள். பிளாட்பாரம் கிடைக்காமல் அவுட்டரில் வண்டி நின்றால் ஸ்பெயினுக்கோ சீனாவுக்கோ கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் அப்போதுதான், யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுந்துபோன ஜன்னல் சீட் உங்கள் முழங்காலுக்கு நேரே காலியாகும். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் உடனே உட்கார்ந்துவிடுங்கள். பின்னால் நிற்கிற காட்டாக்கடைக்காரர் ஏற்கெனவே பையை வீசத் தயாராக இருக்கிறார்.