கண்ணாடிக்கு முன்னால என்னலே சோலி?

ஏலே தம்பி, இங்கன வா. இந்தத் திண்ணையில செத்த உக்காரு. போனைக் கீழே வை, அது எங்கயும் ஓடிப் போயிராது. தாயி, நீயும் வா. உனக்கும் சேத்துத்தான்.

'எனக்கும் எனக்கும் உள்ள உறவைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்'னு வீட்டுல சொன்னியாம்லா. உங்க அம்மா பதறிப் போயி எங்கிட்ட வந்து கேக்கா: "மாமா, இவனுக்கும் இவனுக்கும் அப்படி என்ன சண்டை?" நான் என்னத்தச் சொல்ல? பங்காளிச் சண்டைன்னா ஊர்ல பேசி முடிக்கலாம். வரப்புச் சண்டைன்னா சர்வேயரைக் கூப்பிடலாம். இதுக்கு யாரைக் கூப்பிட?

விசாரிச்சேன். வெள்ளன எந்திரிச்சு கண்ணாடிக்கு முன்னால நின்னு, 'நான் அன்புக்குத் தகுதியானவன், எனக்கு நானே போதும்'னு பத்துத் தடவ சொல்லுதியாம். பெறவு வாசனை மெழுகுவத்தி. பெறவு தோல் அட்டை போட்ட நோட்டு. மாசக் கடைசியில கொடைக்கானல்ல ஏதோ முகாமாம். அங்க வட்டமா உக்காந்து அழணுமாம். அழுகதுக்கு முன்பணம் கட்டி மலை ஏறணுமாலே? நம்மூர்ல இழவு வீட்டுக்குப் போனா சும்மாவே அழலாமே!

சிரிக்காத. நெசத்தைத்தான் சொல்லுதேன். இழவு வீட்டுல மாரடிச்சு அழுத பொம்பளைக எல்லாரும் செத்தவருக்காகவா அழுதாக? பாதிப் பேரு அவரை நல்லாப் பாத்தது கூடக் கெடையாது. கூடப் பிறந்தவன் ஏமாத்துனது, புருசன் அடிச்சது, பிள்ளை தங்காதது எல்லாத்தையும் ராகம் போட்டுச் சொல்லி இறக்கி வச்சாக. மூக்கைச் சிந்தினாக. வீட்டுக்குப் போயி உலை வச்சாக. என் பேத்தி மதுரையில மனோதத்துவம் படிக்கா. லீவுக்கு வந்தா எனக்குப் படிச்சுக் காட்டுவா. அமெரிக்காவுல பென்னிபேக்கர்னு ஒருத்தர் காலேஜ் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மனசுல கெடக்க பெரிய வேதனையை நாளைக்குக் கால் மணி நேரம்னு நாலு நாள் எழுதச் சொன்னாராம். அப்படி எழுதினவங்க அடுத்த மாசங்கள்ல ஆஸ்பத்திரிப் பக்கம் போறது குறைஞ்சுதாம். 1986-ல வந்த சேதி. அதனால எழுது, நல்லதுதான். ஆனா தோல் அட்டை வேணும்னு அவரு சொன்னதா என் பேத்தி படிக்கல.

இந்தக் கண்ணாடி மந்திரம் மட்டும் புதுசுன்னா நெனச்சே? 1920 வாக்குல பிரான்சு தேசத்துல எமில் குவேன்னு ஒரு மருந்துக்கடைக்காரரு இருந்தாரு. தான் நாளுக்கு நாள் தேறிக்கிட்டே வாறதா காலையில இருபது தடவ, ராத்திரி இருபது தடவ சொல்லச் சொன்னாரு. எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு கயித்துல இருபது முடிச்சு போட்டு வச்சுக்கிடணும். அந்தக் கயிறுதான் இப்ப உன் போனுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, 'இன்னைக்கு உங்களை நேசிச்சீங்களா?'ன்னு மணி அடிக்கி.

2009-ல கனடாவுல இதைச் சோதிச்சே பாத்துட்டாங்க. தன்மேல நல்ல நெனப்பு உள்ளவங்க 'நான் அன்புக்கு உரியவன்'னு சொன்னப்ப, கொஞ்சூண்டு தெம்பு கூடிச்சாம். தன்னைத் தாழ்வா நெனைச்சவங்க அதையே சொன்னப்ப? அப்படிச் சொல்லாதவங்களை விட இன்னும் நொந்து போனாங்களாம். ஏன்? உள்ளுக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு 'யாரு, நீயா?'ன்னு கேப்பாம்லா! நீ வெளிய எம்புட்டுச் சத்தமாச் சொல்லுதியோ, அவன் உள்ள அம்புட்டுச் சத்தமாக் கேப்பான்.

கலிபோர்னியா சர்க்கார் இதுக்குன்னு கமிட்டியே போட்டுச்சு தெரியுமா? 1986-ல போட்டு, 1990-ல அறிக்கை கொடுத்தாங்க. சனங்க தன்னைத் தானே மதிச்சுக்கிட்டா குற்றம் குறையும், போதை குறையும், பிள்ளைக படிச்சிரும்னு நம்பிக்கை. 2003-ல பவுமைஸ்டர்னு ஒரு மனோதத்துவக்காரரும் கூட உள்ளவங்களும் நடந்த ஆராய்ச்சியை எல்லாம் கூட்டிப் பெருக்கிப் பாத்தாங்க. மார்க் வாங்கினவன் தன்னை மெச்சிக்கிடுதான், மெச்சிக்கிட்டதால மார்க் வந்துரலன்னு தெரிஞ்சுது. இதை நம்ம பள்ளிக்கூடத்து ஆயாம்மா கமிட்டி இல்லாமலேயே சொல்லியிருப்பா.

குஜராத்துல 2022-ல ஒரு பொண்ணு தன்னையே கட்டிக்கிட்டா. மருதாணி, மஞ்சள் எல்லாம் உண்டு, மாப்ள மட்டும் இல்ல. நான் குத்தம் சொல்ல மாட்டேன். மாமியார் இல்லாத கல்யாணம், நல்ல ஏற்பாடுதான். கோவிச்சுக்கிட்டா எந்த வீட்டுக்குப் போறதுன்னு மட்டுந்தான் எனக்குப் பிடிபடல.

சரி, உனக்கும் உனக்கும் உறவு எப்படி இருக்குன்னு பாக்கணுமா? போனு இல்லாம கால் மணி நேரம் சும்மா உக்காரு பாப்போம். 2014-ல வர்ஜீனியாவுல இதைத்தான் செஞ்சாங்க. வெறும் ரூம்பு. புத்தகம் கெடையாது, போன் கெடையாது. ஒரு பட்டன் மட்டும் இருக்கு, அமுக்கினா ஷாக் அடிக்கும். 'இந்த ஷாக் இன்னொரு தடவ வேண்டவே வேண்டாம், துட்டு கொடுத்தாவது தப்பிச்சுக்கிடுதேன்'னு முன்னால சொன்ன ஆளுகளை மட்டுந்தான் கணக்குல எடுத்தாங்க. கால் மணி நேரத்துல 18 ஆம்பிளையில 12 பேரு, 24 பொம்பளையில 6 பேரு அதை அமுக்கிட்டாங்க! ஒரு பய 190 தடவ! தங்கூடத் தான் இருக்கதுக்குக் கரண்டே மேலுன்னு ஆயிப்போச்சு பாரு.

மக்காச்சோளக் காட்டுக்குப் பன்னி விரட்டக் காவலுக்குப் போவேன். விடிய விடிய நானும் என் மனசும் மட்டும். அது சும்மா இருக்குமா? அடைக்காத கடன், பேசாமப் போன அண்ணன், பொய்ச் சாட்சி சொன்ன நாள்னு ஒண்ணொண்ணா எடுத்துப் போடும். எந்திரிச்சு ஓட முடியாது, பன்னி வந்துரும். கேட்டுத்தான் ஆகணும். பாதிச் சாமம் கேட்டா அதுவே ஓஞ்சு போயிரும். காலையில பாத்தா, ரெண்டு பேருக்குப் பணம் கொடுக்கணும், ஒருத்தன் வீட்டுக்குப் போகணும்னு மூணு சோலிதான் மிச்சம் நிக்கும். இதுக்குப் பேரு தியானமோ என்னமோ, நாங்க காவல்னு சொன்னோம்.

டெக்சாஸ்ல கிறிஸ்டின் நெஃப்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அவங்க சொல்லுதது எனக்குச் சம்மதம். கூட்டாளிக்கிட்டப் பேசுத மாதிரி உங்கிட்ட நீ பேசுங்காங்க. கூட்டாளி இன்டர்வியூல தோத்தா, 'விடுலே, அடுத்தது பாப்போம்'ங்கே. நீ தோத்தா மட்டும் 'நீ உருப்படவே மாட்டே'ன்னு உன்னையே வைதுக்கிடுதே. அவன் உனக்கு ஒசத்தி, நீ உனக்கு எளப்பமா?

ஆனா முழுசாக் கேட்டுக்கோ. கடன் வாங்கி அந்தக் கூட்டாளி பைக் வாங்கினப்ப மூஞ்சிக்கு நேரா 'முட்டாப்பயலே'ன்னு சொன்னேல்லா? அதையும் உனக்குச் சொல்லணும். உழவு மாட்டுக்குப் பொங்கலன்னைக்கு மாலை போட்டா மட்டும் போதாது. நித்தம் தண்ணி காட்டணும், படுத்துக்கிட்டா எழுப்பணும், குத்திப் புண்ணாக்கவும் கூடாது. உன் மனசும் அப்படித்தான். அடுத்தவங்க சேதிக்கு வாறேன். உங்க சித்தப்பன் 'எப்பலே கல்யாணம்?'னு கேட்டான்னு, அவன் டாக்ஸிக்குன்னு சொல்லி நம்பரை பிளாக் பண்ணிட்டியாமே. உங்க அப்பன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராத்திரி பூராம் வெளிய பெஞ்சுல கெடந்தது யாரு? உன்னை அடிச்சவன், உன்னை ஏச்சவன்னா கதவைச் சாத்து, நானே தாழ்ப்பாள் போடுதேன். வாய் நீளம்னு சாத்தினா ஊர்ல எவன்லே மிச்சம் இருப்பான்?

இன்னும் ஒண்ணு. இது கிண்டல் இல்ல. வாரக்கணக்கா தூக்கம் வரல, சோறு இறங்கல, செத்துப் போயிரலாம்னு தோணுதுன்னா, கண்ணாடியும் வேண்டாம், பூசாரி வேப்பிலையும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். டாக்டர்ட்டப் போ. ராத்திரியில தோணினா 14416-க்கு அடி. டெலி மானஸ்னு 2022-ல சர்க்கார் ஆரம்பிச்சது. தமிழ்ல பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க, துட்டு கெடையாது.

நான் இம்புட்டு நேரம் பேசினதுக்கும் துட்டு கெடையாது. ஒரு டீ மட்டும் சொல்லிட்டுப் போ. சீனி கம்மியா.