விசாக் கோப்பியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர், பி1/பி2 விசா நேர்முகத்துக்காகச் சென்னை ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள துணைத் தூதரகத்துக்கு நெஞ்சோடு அணைத்துச் செல்லும் கனத்த பிளாஸ்டிக் ஃபைலே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் இதுவரை ஒருவரும் முனைவர் பட்டம் வாங்காதது வியப்பளிக்கிறது.

ஃபைலில் உள்ளவை அகச்சான்று, புறச்சான்று என இருவகைப்படும். பென்ஷன் ஆர்டர், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வங்கி டெபாசிட் ரசீது, ஆடிட்டர் போட்டுக்கொடுத்த சொத்துக் கணக்கு முதலியன அகம். மகன் அனுப்பிய அழைப்புக் கடிதமும் அவனுடைய சம்பளச் சீட்டும் புறம். இரண்டிலும் அடங்காத தாள்களும் உண்டு. மகளின் கல்யாணப் பத்திரிகையை ஒரு ஃபைலில் கண்டேன். “இருக்கட்டும், கேட்டா என்ன பண்றது?” என்பதே அதற்குச் சொல்லப்பட்ட ஏரணம்.

இவ்வளவுக்கும் மூலம் 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம். அதன் 214(பி) பிரிவின்படி, சுற்றிப் பார்க்க விசா கேட்பவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே முதலில் கொள்ளப்படுவார். அப்படியில்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. மாம்பலத்துக் காய்கறிக்காரரோடு தினமும் பேரம் பேசாவிட்டால் சோறு இறங்காத அம்மாள், நியூ ஜெர்சிப் பனியில் நிரந்தரமாகக் குடியேறுவார் என்ற கருதுகோளின் வலுவைத் தனியே ஆராய வேண்டும்.

அடுத்தது, இணையத்தில் நிரப்ப வேண்டிய விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம். 20 நிமிடம் தொடாமல் விட்டால் அது நம்மை வெளியே தள்ளிவிடும். அப்பா பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்க அதற்குமேல் ஆகும். ஆகவே மகன் இரவில் வாட்ஸ்அப்பில் கேட்கக் கேட்க, அம்மா பதில் சொல்வதே மரபு. பாதுகாப்புக் கேள்விகளை எட்டியபோது பதிவான உரையாடல் வருமாறு:

“சின்னப் பசங்களப் பட்டாளத்துல சேர்த்ததுண்டான்னு கேக்குறான்மா.”

“உங்கப்பா என்சிசி மாஸ்டரா இருந்தாரேடா, அதச் சொல்லணுமா?”

“ஐயோ, வேணாம்மா! இல்லைன்னு போட்டுட்டேன்.”

படிவத்துக்கான புகைப்படத்தில் 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடி கூடாது. கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது.

நேர்முகத்தில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், செலவு யாருடையது என்பன போல ஓரிரு கேள்விகள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஃபைலைத் திறக்கச் சொல்வது அரிது. இருந்தும் ஃபைலின் புகழ் குன்றவில்லை. விசா கிடைத்தவர் ஃபைலால் கிடைத்தது என்பார். கிடைக்காதவர், மாமனார் வீட்டுப் பத்திரத்தையும் வைத்திருக்கலாம் என்பார். எப்படி முடிந்தாலும் தோற்காத கோட்பாட்டை அறிவியலில் சேர்க்க மறுப்போர் உளர், நானும் அக்கட்சியே. உள்ளே செல்பேசிக்கு அனுமதி இல்லை. வரிசையில் நிற்பவர் கைக்குப் பிடிமானமாக ஏதாவது வேண்டுமே! அந்தத் தேவையிலிருந்துதான் இந்த ஃபைல் பெருத்து வளர்ந்தது என்பது என் துணிபு.

எனவே பெரியோர்களே, பட்டா, சிட்டா எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதித்தாள், நேர்முகக் கடிதம் ஆகிய மூன்றும் ஃபைலின் எந்த உறையில் இருக்கின்றன என்பதை மட்டும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.