11500: ஓர் அஞ்சல் எண்ணின் எண்ணியலும் உரைமரபும்

பினாங்கு ஆயர் ஈத்தாமின் அஞ்சல் எண் 11500. கடிதம் வந்து சேரத்தான் இந்த எண் என்பது பாமரர் கருத்து. அது இங்கு ஆராயப்படவில்லை.

இரட்டை எண். வர்க்க எண் அன்று. இவ்விரு முடிவுகளையும் மறுத்து இன்றுவரை ஒரு கட்டுரையும் வரவில்லை.

பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 × 2 × 5 × 5 × 5 × 23. தன்னை நீக்கி மற்ற வகுத்திகள் 23. அவற்றின் கூட்டு 14,708, அதாவது எண்ணைவிடப் பெரிது. ஆகவே இது மிகையெண். உறுப்பினரைவிட வாக்குகள் மிகுவதைச் சங்கத் தேர்தலில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இலக்கங்களின் கூட்டு 7. இங்கேதான் அறிஞர்களுக்கு வாயூறும். ஆயர் ஈத்தாமின் கெக் லோக் சி கோயிலில் 1930இல் கட்டி முடித்த பகோடாவுக்கு ஏழு அடுக்கு. குறளுக்கு ஏழு சீர். 133 அதிகாரத்தைக் கூட்டினாலும் 1330 குறளைக் கூட்டினாலும் ஏழு. ஆகவே வள்ளுவர் ஆயர் ஈத்தாமுக்கு வந்திருக்கிறார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூர்வரை வந்தும் இதைக் கோட்டைவிட்டது. இதைவிட மெலிந்த சான்றை வைத்துக்கொண்டு பொன்னாடை வாங்கியவர்கள் உண்டு. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளைக் கூட்டினால் 9 வருகிறது. எனவே அக்கோயில் ஆய்வெல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது.

இனி 23. நாலிலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் ‘நாலு நம்பர்’ குலுக்கில் ஒவ்வொரு முறையும் வெல்லும் எண்கள் 23: முதல் மூன்று, சிறப்புப் பத்து, ஆறுதல் பத்து. 11500ஐ 23ஆல் வகுத்தால் 500. இந்த 23க்கும் பரிசு தரும் ‘பெரிசு’ வகைப் பந்தயம் எடுத்தவருக்கு ஒரு வெள்ளிக்கு மூன்றாம் பரிசும் 500 வெள்ளி (காண்க: கோப்பிக்கடை மேசைக் குறிப்புகள், ஈரம் படாத பகுதி).

ஆனால் 11500க்கு ஐந்து இலக்கம். எதை விடுவது? முன்னொன்று நீக்கியார் முதல் 1ஐ விட்டு 1500 எடுப்பர். பின்னொன்று நீக்கியார் இரண்டாம் 1ஐ விட்டு 1500 எடுப்பர். ஒரு சாரார் வீட்டுக் கல்யாணத்துக்கு மறு சாரார் போவதில்லை. கடைச் சுழியத்தை விட்டு 1150 எனப் பாடங்கொள்வாரும் உளர், அது பொருந்தாமை அவர் இன்னும் வாடகை வீட்டில் இருப்பதால் அறிக (முடிவுத்தாள் பின்பக்கச் சுவடி, பென்சில் படி, இடது ஓரம் வடைக்காகக் கிழிக்கப்பட்டது, முழுப்படி வீட்டம்மாவிடம் உண்டு, அதை அவர் காட்டமாட்டார், ஏன் காட்டமாட்டார் என்பது தனி நூலுக்குரியது).

இரு சாராரையும் ஒதுக்கி, 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களையும் எண்ணுக்கொரு வெள்ளி ‘பெரிசு’ எடுப்போம். 2500, 1000, 500, பத்து 180, பத்து 60. ஆக, திரும்பி வருவது 6400. அது 80இன் வர்க்கம். வராத 3600, 60இன் வர்க்கம். போட்ட 10,000, நூறின் வர்க்கம். பிதாகரஸ் தேற்றமேதான்! பிசிறில்லாத செங்கோண முக்கோணம். நீளமான பக்கம் முழுதும் நம் பணம்.

இதைச் சனிக்கிழமை மாலை நம்பர் கடைக் கவுண்டரில் தாளில் வரைந்து நிறுவினேன். பின்னால் வரிசை நீண்டது. உள்ளே இருந்த அம்மா முக்கோணத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“1500தானே? பெரிசா, சின்னதா?”