தலைக்கு இவ்வளவு

திருப்பூரில் வாடகையைச் சதுர அடியில் விசாரிப்பவர் ஊருக்குப் புதியவர். லைன் வீட்டுக்குத் தலைக்கணக்குதான். பத்துக்குப் பத்து அறை, வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஆறு பேர். பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரர் படுத்துவிட்டால் இடமும் மிச்சம், வாடகையும் இரட்டிப்பு. வரிசைக் கடைசியில் கக்கூஸ் ஒன்று. அதற்கும் ஷிப்ட் உண்டு.

1965-இல் இந்தி எதிர்ப்பில் கொதித்த ஊர் இது. இன்று அட்வான்ஸ் கேட்கும் அளவுக்கு வீட்டு ஓனருக்கு இந்தி வருகிறது. திருப்பித் தரும் இந்திதான் இன்னும் வரவில்லை. “ஊரே வடக்கத்திப் பசங்களாப் போச்சுங்க” என்று டீக்கடையில் அலுத்துக்கொள்பவரும் அவரே. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பரவிய பொய் வீடியோக்களுக்குப் பயந்து பீகார்த் தொழிலாளர்கள் ரயிலேறியபோது பனியன் கம்பெனிகளோடு சேர்ந்து பதறியவரும் அவரே.

தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதில் ஒன்று பெங்களூர் ஐ.டி.க்குப் போயிற்று. மிச்சமிருக்கும் .8-ஐ ஓவர்லாக் மெஷினில் உட்காரவைக்க முடியாதே! உட்காருகிறவர் எங்கே படுக்கிறார் என்று ஏற்றுமதி ஆர்டரில் எழுதுவதில்லை. துணி சுருங்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.