வானிலைக்கு ஒரு பதக்கம்

1944 டிசம்பர். ஐரோப்பாவில் மழை விட்டபாடில்லை. அமெரிக்க ஜெனரல் பேட்டனுக்கோ எரிச்சல் தாங்கவில்லை: விமானம் எழும்ப முடியாவிட்டால் ஜெர்மானியர்களைக் கொல்வது எப்படி? தன் படையின் தலைமைப் பாதிரியார் ஜேம்ஸ் ஓ'நீலைக் கூப்பிட்டு, வெயிலடிக்க ஒரு ஜெபம் எழுதித் தரச் சொன்னார். சக மனிதனைக் கொல்ல வெயில் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லையே என்று பாதிரியார் இழுத்ததாக ஒரு கதை உண்டு. இழுத்தாரோ இல்லையோ, எழுதிக் கொடுத்தார். இரண்டரை லட்சம் அட்டை அச்சாயிற்று. ஒரு பக்கம் ஜெபம், மறுபக்கம் கிறிஸ்துமஸ் வாழ்த்து. காகிதம் மிச்சம் பாருங்கள். வானம் வெளுத்தது. குண்டுகள் விழுந்தன. பாதிரியாரின் சட்டையில் வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஏறியது. வேலையை முடித்துக் கொடுத்த மேலிடத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் என்றைக்குமே சம்பளமில்லாத ஊழியர்தானே.

பூசாரிக்குச் சம்பளம் உண்டு. 1775 ஜூலை 29-ம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் படைப் பாதிரியாருக்கு மாதம் 20 டாலர் என்று தீர்மானித்தது. யூதாஸ் முப்பது வாங்கினான். ஆனால் அவனுக்கு அது ஒரே ஒரு தடவைதான்.

இந்த உத்தியோகத்துக்கு ஆங்கிலத்தில் 'சாப்லின்' என்று பெயர். தமிழில் எழுதினால் தொப்பியும் கைத்தடியுமாக வேறொருவர் நினைவுக்கு வருகிறார். அதற்குத் தமிழ் பொறுப்பல்ல. அந்தச் சொல் பிறந்த கதை அதைவிடப் பெரிய சிரிப்பு. நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்றொரு ரோமானியச் சிப்பாய் இருந்தார். அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைப் பார்த்ததும், வாளை உருவித் தன் மேலங்கியை இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். அந்த வாளுக்கு அதைவிட நல்ல வேலை பிறகு கிடைக்கவில்லை. அடுத்து, இனிச் சண்டை போடமாட்டேன் என்று படையை விட்டே வெளியேறினார். கோழை என்றார்கள். ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன், பாருங்கள் என்றார். அவர் செத்ததும் பிராங்கிய அரசர்கள் அந்த மேலங்கியை என்ன செய்தார்கள்? போருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்! அங்கியின் லத்தீன் பெயரிலிருந்து, அதைக் காத்த குருமார்களுக்கு ஒரு பெயர் வந்தது. அதுதான் இந்த 'சாப்லின்'. சண்டை போடமாட்டேன் என்றவனின் கிழிசல் துணி சண்டைக்காரர்களின் சீருடையாகிவிட்டது.

இந்த விஷயத்தில் நம் போர்த்தெய்வம் கொற்றவை எவ்வளவோ தேவலை. அவள் ரத்தம் கேட்டாள், வாய்விட்டுக் கேட்டாள். பரணிப் பாட்டில் பேய்கள் கூழ் காய்ச்சியது எந்த மாவில் என்பதை யாரும் மறைக்கவில்லை. மறு கன்னத்தைக் காட்டு என்று சொல்லிவிட்டு, அடுத்தவன் கன்னத்தில் அறைய ஆள் அனுப்பும் சங்கடம் அவளுக்கு இல்லை. நாமும் இப்போது நாகரிகமாகிவிட்டோம். 2019-ல் பிரான்சுக்கே போய் ரஃபேல் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வந்தோம். புது டி.வி.எஸ். வண்டிக்கு வைக்கிறோமே, அதே எலுமிச்சம்பழம்.

எல்லாப் படைப் பாதிரியார்களும் ஓ'நீல் மாதிரியா? இல்லை. 1943 பிப்ரவரி 3 அன்று, கிரீன்லாந்து அருகே டார்செஸ்டர் கப்பலை டார்பிடோ துளைத்தபோது, இரண்டு புராட்டஸ்டன்ட் போதகர்கள், ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு யூத ரபி, நால்வரும் தங்கள் உயிர்காப்பு அங்கிகளைக் கழற்றிச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார்கள். மார்ட்டினின் மேலங்கி அன்றைக்கு ஒரு நாள் சரியான கைகளில் இருந்தது.

டினியன் தீவில் அது இல்லை. 1945 ஆகஸ்ட் 6 பிறந்த நள்ளிரவில், லுத்தரன் பாதிரியார் வில்லியம் டவுனி அணுகுண்டோடு புறப்படவிருந்த எனோலா கே விமானிகளுக்காக ஜெபித்தார். போனவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும், போர் சீக்கிரம் முடிய வேண்டும். திரும்பினார்கள். ஹிரோஷிமாவில் அப்போது தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஜெபத்தில் இடமில்லை.

மூன்று நாள் கழித்து இரண்டாவது குண்டு. விமானத்தை ஓட்டிய சார்லஸ் ஸ்வீனி கத்தோலிக்கர். குறி கொகுரா நகரம். அங்கே மேகமும் புகையும் மூடிக்கொண்டிருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. கொகுராவில் யாரும் ஜெப அட்டை அச்சடித்ததாகத் தெரியவில்லை. நாகசாகியிலும் மேகம்தான், ஒரு இடைவெளி திறந்தது. குண்டு குறி தவறி உராகாமிப் பக்கம் விழுந்தது. ஜப்பானை ஆண்ட ஷோகன்களின் சித்திரவதைக்குத் தப்பி, 250 ஆண்டுகள் ஒளிந்து செபித்த கிறிஸ்தவர்கள் கட்டிய பேராலயம் அங்கேதான் இருந்தது. ஷோகன்களால் முடியாததை ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு காலை நேரத்தில் முடித்தார். பங்கிலிருந்த சுமார் 12,000 பேரில் 8,500 பேர் செத்தார்கள்.

டினியனில் குண்டு போட்ட படைப்பிரிவின் கத்தோலிக்க வீரர்களுடைய ஆன்மாவுக்குப் பொறுப்பாளர் ஜார்ஜ் ஸபெல்கா என்ற குரு. பொதுமக்களைக் கொல்லக் கூடாது என்று அவர்களிடம் ஒரே ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை என்று பின்னாளில் அவரே ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். யாரும் தடுக்கவில்லையாம், அவருக்குத் தோன்றவே இல்லையாம். தோன்ற எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? தலைமுடி நரைக்கும் வரை.

நாகசாகியில் குண்டு விழுந்த அந்தக் காலை 11:02-க்கு உராகாமி ஆலயத்தில் மாதா திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் என்ன பாவத்தைச் சொல்ல வந்திருந்தார்களோ, கேட்டுக்கொண்டிருந்த சாமியாரும் அவர்களோடு போனார்.